மகளின் படகில் ஒரு நாள்



சுக்கானைப் பற்றி எத்தனை முறை பிரசங்கித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. பெரிய கப்பலையும் ஒரு சிறிய சுக்கான் திருப்பிவிடுவதை யாக்கோபு தமது நிருபத்தில் நாவுக்கு ஒப்பிட்டுச் சொல்லுகிறார் (யாக்கோபு 3:4,5). வேதாகமக் கல்லூரி நாட்களில் அந்தப் பகுதியைக் குறித்து ஒரு கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். தாராவியிலும் செம்பூரிலும் தாணேயிலும் வாலிபர் கூட்டங்களில் அதே செய்தியைக் கொடுத்து வந்தேன். ஆனால் ஒரு சுக்கானைக் கையால் தொட்டுப் பார்த்தவனல்ல. தூத்துக்குடிக் கரையில் பிறந்தவன் நான். கொழும்புக்குச் சரக்கேற்றிச் செல்லும் தோணிகள் பாய் விரித்துப் புறப்படுவதைச் சிறுவயதில் கண்டிருக்கிறேன். அதுவும் கரையில் நின்றுதான்.

கடந்த ஜனவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, என்னுடைய ஐம்பத்தாறாவது வயதில், மும்பைத் துறைமுகத்தில் ஒரு சிறிய பாய்மரப் படகில் ஏறினேன். அன்றும் சுக்கான் என் கையில் இல்லை. என் மகளின் கையில் இருந்தது. அந்த ஒரே நாளில் நான் கற்றுக்கொண்டதை, எனக்கு வெட்கமான பகுதியையும் மறைக்காமல், குடும்பமாய் இந்தப் பத்திரிகையை வாசிக்கிற உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வீட்டில் நுழைந்த மௌனம்

என் மகள் ஐரோலியில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை செய்கிறாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அலுவலகத் தோழிகளோடு கொலாபாவில் ஒரு படகுக் கழகத்திற்குப் போய்ப் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஏதோ சில வாரங்களில் சலித்துவிடும் என்று எண்ணினேன். சலிக்கவில்லை. மழைக்காலம் முடிந்து அக்டோபர் பிறந்தால் மே மாதம் வரைக்கும் சனிக்கிழமைதோறும் கொலாபாவுக்குப் புறப்பட்டுவிடுவாள்.

எங்கள் சபையில் சனிக்கிழமை உபவாச ஜெபம் உண்டு. போதகரின் மகள் அங்கே இல்லாதிருப்பதை விசுவாசிகள் கவனித்தார்கள். சிலர் என்னிடத்திலும், சிலர் என் மனைவியிடத்திலும், வேறு சிலர் எங்கள் இருவருக்கும் தெரியாமலும் பேசினார்கள். மகளுக்கு வரன் பார்க்க வந்த ஒரு குடும்பத்தாரும் காபி குடித்துக்கொண்டே, "பெண் கடலுக்குப் போகிறதாமே" என்றார்கள். அன்று இரவு கோபத்தை அடக்க என்னால் கூடாமற்போயிற்று. "உனக்குக் கர்த்தருடைய சமுகம் பெரிதா, அந்தப் படகு பெரிதா?" என்று கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் தன் அறைக்குப் போய்விட்டாள்.

அதன்பின் ஏறக்குறைய நான்கு மாதங்கள், "சாப்பிட்டாயா", "கதவைப் பூட்டு" என்பவற்றுக்கு மேல் நாங்கள் இருவரும் அதிகமாய்ப் பேசவில்லை. மற்றக் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லுகிற ஒரு ஊழியக்காரனுடைய வீட்டின் நிலைமை அது.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை இரவு மகளே என் முன் வந்து நின்றாள். "அப்பா, என்னோடு படகில் வருகிறவளுக்கு மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. இரண்டு பேர் இல்லாமல் போட்டியில் சேர முடியாது. நீங்கள் வருவீர்களா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குமுன் சமையலறையிலிருந்து என் மனைவி, "ஒரு சனிக்கிழமை ஜெபத்தை உடன் ஊழியர் நடத்தட்டும். நீங்கள் பிள்ளையோடு போய்விட்டு வாருங்கள்" என்றாள். நாற்பது வருஷம் கரையில் நின்றது போதும் என்று அவளும் நினைத்திருக்கலாம்.

தாணே முதல் கொலாபா வரை

விடியுமுன் தாணேயில் லோக்கல் ரயில் ஏறினோம். கல்வாப் பாலத்தின் கீழே ஓடுகிற நம்முடைய கழிமுகத்துத் தண்ணீர்தான் ஐரோலியையும் வாஷியையும் கடந்து போய் மும்பைத் துறைமுகத்தில் சேருகிறது. இத்தனை ஆண்டுகள் அந்தத் தண்ணீரின் ஓரமாய்க் குடியிருந்தும் அது எங்கே போகிறது என்று நான் யோசித்ததில்லை. மகள்தான் சொன்னாள்.

வழியெல்லாம் அவள் எனக்குப் பாடம் நடத்தினாள். நாங்கள் ஏறப்போவது எண்டர்பிரைஸ் என்னும் வகைப் படகு. இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ட் என்பவர் 1956-ஆம் ஆண்டில் வடிவமைத்தது. நீளம் 4 மீட்டருக்குச் சற்றே அதிகம். பாய்கள் நீல நிறம். பின்னால் இருப்பவர் சுக்கானையும் பெரிய பாயின் கயிற்றையும் பிடிப்பார். முன்னால் இருப்பவர் சிறிய பாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, படகு சாயும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் நகர்ந்து தம் எடையால் அதை நிமிர்த்த வேண்டும். "நீங்கள் முன்னால் இருக்க வேண்டும், அப்பா. நான் சொன்னவுடனே செய்ய வேண்டும். யோசிக்க நேரம் இருக்காது" என்றாள். என்னிடம் அப்படி யாரும் பேசி வெகுகாலம் ஆயிற்று.

இந்த விளையாட்டில் நம் தமிழ்ப் பிள்ளைகள் எட்டியிருக்கிற உயரத்தையும் அன்றுதான் அறிந்தேன். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 2021 ஏப்ரலில் ஓமான் நாட்டில் நடந்த தகுதிப் போட்டியின் வழியாய், பாய்மரப் படகுப் போட்டிக்காக ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன் ராணுவ வீரர். 2021-இல் டோக்கியோவிலும் 2024-இல் பாரிசிலும் ஒலிம்பிக்கில் படகு ஓட்டினார். 2023-இல் நடந்த ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் வெண்கலப் பதக்கம் பெற்றார். அவர் பயிற்சி பெற்றதும் இதே கொலாபாவில் இருக்கும் ராணுவப் படகோட்டப் பயிற்சி மையத்தில்தான். 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டின் பாய்மரப் படகுப் போட்டிகள் நடந்ததும் இந்தத் துறைமுகத்து நீரிலேயே. அவ்வருஷம் ஃபயர்பால் வகைப் படகில் ஃபாரூக் தாராப்பூரும் ஸரீர் கரஞ்ஜியாவும் இந்தியாவுக்குத் தங்கம் வென்றார்கள்.

"விஷ்ணுவுக்கு யார் கற்றுக்கொடுத்தது?" என்று கேட்டேன்.

"அவருடைய அப்பா. அவரும் ராணுவத்தில் இருந்தவர், பாய்மரப் படகு ஓட்டியவர்" என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவள் என்னைக் குற்றப்படுத்தும்படி அதைச் சொல்லவில்லை. ஆனாலும் குர்லா தாண்டும்வரை அந்த வார்த்தை எனக்குள் இருந்தது. என் மகள் இரண்டு ஆண்டுகளாய் ஒன்றைக் கற்று வருகிறாள், ஒருநாளாவது, "அங்கே என்ன செய்கிறாய்?" என்று நான் கேட்டதில்லை. "ஏன் போகிறாய்?" என்று மாத்திரமே கேட்டிருக்கிறேன்.

காற்றுக்கு நேராகப் போக முடியாது

ஒன்பது படகுகள் அன்று போட்டியில் இருந்தன. மிதவை அங்கி அணிவித்து, அதன் வாரை என் மகள் தன் கையாலேயே இறுக்கினாள். முதல் நாள் பள்ளிக்கூடத்திற்கு அவளை அனுப்பும்போது நான் பையின் வாரைச் சரிசெய்தது நினைவுக்கு வந்தது.

போட்டி தொடங்குகிற முறை விநோதமானது. நிற்கிற ஒரு படகுக்கும் ஒரு மிதவைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத கோடு. தொடங்குவதற்கு 5 நிமிஷத்துக்கு முன் ஒரு கொடி ஏறும். 4 நிமிஷத்துக்கு முன் இரண்டாம் கொடி. 1 நிமிஷம் இருக்கையில் இரண்டாம் கொடி இறங்கும். முதல் கொடியும் இறங்கினால் போட்டி தொடங்கிற்று. ஓட்டப்பந்தயத்தைப்போல் நின்று காத்திருக்கப் படகினால் ஆகாது. அந்த ஐந்து நிமிஷமும் அங்குமிங்கும் ஓடிக்கொண்டே, கோட்டைத் தாண்டாமலும் பிந்தாமலும் சரியான நொடியில் வந்து சேர வேண்டும்.

காலையில் வடகிழக்கிலிருந்து மெல்லிய காற்று. முதல் மிதவை காற்று வருகிற திசையிலேயே மிதந்துகொண்டிருந்தது. மகளோ படகை வலப்புறமாய் எங்கேயோ கொண்டுபோனாள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "மிதவை அங்கே இருக்கிறதே, நேராகப் போகலாமே" என்றேன். "காற்றுக்கு நேராகப் போனால் படகு நின்றுவிடும், அப்பா. கொஞ்சம் இந்தப் பக்கம், பிறகு கொஞ்சம் அந்தப் பக்கம், அப்படித்தான் ஏற வேண்டும்" என்றாள். எதிர்க்காற்றுக்கு ஏறக்குறைய 45 பாகை சாய்ந்து, வலமும் இடமுமாய் மாறி மாறிப் போனால்தான் பாய்மரப் படகு காற்றை எதிர்த்து முன்னேறும். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது இலக்கை விட்டு விலகிப் போவதாகவே தோன்றும்.

அன்பானவர்களே, கரையில் நின்று பார்க்கிற பெற்றோரின் கண்களுக்குப் பிள்ளைகளின் வழி எத்தனை முறை அப்படித் தோன்றுகிறது! மெய்யாகவே வழி விலகிப் போகிற பிள்ளைகளும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விலகுகிறதா, காற்றை எதிர்த்து ஏறுகிறதா என்பதைக் கரையிலிருந்து தீர்மானிக்க முடியாது. படகில் இருப்பவரிடத்தில் கேட்க வேண்டும்.

அந்த முதல் போட்டியில் நான் செய்யாத தவறில்லை. இழுக்க வேண்டிய கயிற்றை விட்டேன். விட வேண்டியதை இழுத்தேன். படகு திரும்புகையில் பாயின் அடியிலுள்ள கழி குறுக்கே பாய்ந்து வரும். "தலையைக் குனியுங்கள்!" என்று அவள் சொன்னபோது, எதற்காக என்று திரும்பிப் பார்த்தேன். நெற்றியில் பட்ட அடியின் தழும்பு இரண்டு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்க பீடத்தில் சபையார் யாவரும் அதைக் கண்டார்கள். ஒன்பது படகுகளில் எட்டாவதாய் வந்தோம். மகள் ஒரு வார்த்தையும் கடிந்து சொல்லவில்லை. தண்ணீர் போத்தலை நீட்டி, "அடுத்ததில் சரியாகிவிடும்" என்றாள். நான்காம் வகுப்பில் அவள் கணக்கில் தவறினபோது நான் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

"யாரும் பார்க்கவில்லையே"

மத்தியானத்தில் காற்று திசை மாறிற்று. கடலிலிருந்து வடமேற்காய் எழும்பிப் பலமாய் வீசத் தொடங்கியது. இரண்டாம் போட்டியில் ஒரு தீர்மானம் செய்துகொண்டேன்: பேசுவதில்லை, சொன்னதைச் செய்வது. ஆச்சரியம் என்னவென்றால், படகு ஓடியது! அவள் "இப்போது" என்றால் நகர்ந்தேன். "இழுங்கள்" என்றால் இழுத்தேன். கடைசி மிதவையை நெருங்குகையில் எங்களுக்கு முன்னே இரண்டே படகுகள். மூன்றாம் இடம்! ஐம்பத்தாறு வயதில் என் உள்ளம் சிறுபிள்ளையைப்போல் துள்ளியது.

மும்பைத் துறைமுகத்தில் நீரேற்றமும் வற்றும் பலமானவை. கடல் மட்டம் சில நாட்களில் 4 மீட்டருக்கு மேலும் ஏறி இறங்கும். அந்த நீரோட்டம் படகை அறியாமலே பக்கவாட்டில் தள்ளும். அன்றும் நீரோட்டம் எங்களை மிதவையின் பக்கமாய்த் தள்ளியது. "அப்பா, இப்போது!" என்றாள். மூன்றாம் இடத்தின் சந்தோஷத்தில் நான் பின்னால் வருகிற படகைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நொடி பிந்தினேன். படகின் பக்கம் மிதவையை இலேசாய் உரசிற்று. உரசின சத்தம்கூட இல்லை. முன்னே போனவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னே வந்தவர்களுக்கு எங்கள் பாய் மறைத்திருந்தது.

மிதவையைத் தொட்ட படகு, தொட்டவுடனே ஒரு முழுச்சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போட்டியைத் தொடர வேண்டும் என்பது விதி. அதை ரயிலிலேயே அவள் எனக்குச் சொல்லியிருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்தேன். அப்பொழுது என் வாயிலிருந்து வந்த வார்த்தையை இங்கே எழுத என் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

"யாரும் பார்க்கவில்லையே, அம்மா" என்றேன்.

முப்பது வருஷமாய் ஊழியம் செய்கிறவன். ஆகானைக் குறித்துப் பிரசங்கித்தவன். அனனியா சப்பீராளைக் குறித்துப் பிரசங்கித்தவன். தேவனுடைய கண்களுக்கு மறைவானது ஒன்றுமில்லை என்று எத்தனையோ வீடுகளில் கைதூக்கி ஜெபித்தவன். ஒரு நீலப் பாய்ப் படகின் மூன்றாம் இடத்திற்காக அப்படிச் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை. "நாம் தொட்டுவிட்டோம், அப்பா" என்று மாத்திரம் சொல்லி, மற்றப் படகுகளுக்கு வழிவிட்டுச் சற்று விலகி, சுக்கானைத் தள்ளிப் படகை ஒரு முழுச்சுற்றுச் சுற்றினாள். அந்தச் சுற்று முடிவதற்குள் மூன்று படகுகள் எங்களைக் கடந்து போயின. ஆறாவதாய் வந்து சேர்ந்தோம்.

கரை சேரும்வரை நான் வாய் திறக்கவில்லை. யாக்கோபு சுக்கானைப் பற்றி எழுதினது நாவைக் குறித்தல்லவா? அந்தப் படகில் கட்டுக்கடங்காமல் போனது சுக்கான் அல்ல, என் நாவு.

நடுவர் இல்லாத விளையாட்டு

கரையில் வடாபாவும் தேநீரும் வாங்கி ஒரு மதிற்சுவரின்மேல் உட்கார்ந்தோம். "அங்கே நடுவர் யாரும் இல்லையா?" என்று கேட்டேன். இப்படிப்பட்ட போட்டிகளில் தண்ணீரின்மேல் ஊதல் ஊதுகிற நடுவர் பெரும்பாலும் இருப்பதில்லையாம். காற்றை இடப்புறத்திலிருந்து வாங்குகிற படகு, வலப்புறத்திலிருந்து வாங்குகிற படகுக்கு வழிவிட வேண்டும். தவறு செய்ததாக ஒருவன் அறிந்தால், தானே தண்டனையை எடுத்துக்கொள்ள வேண்டும். அவரவர் மனச்சாட்சியின்மேல் கட்டப்பட்ட விளையாட்டு அது.

அந்த விதிநூலின் முதல் விதி வேகத்தைப் பற்றியதல்ல. ஆபத்திலிருக்கிற எவருக்கும் தன்னால் கூடிய உதவியை ஒவ்வொரு படகும் செய்தாக வேண்டும் என்பதே அது. 1988-ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கின் படகுப் போட்டிகள் தென்கொரியாவின் பூசான் கடலில் நடந்தன. கனடா தேசத்து வீரர் லாரன்ஸ் லெமியூ தம் வகுப்பில் இரண்டாம் இடத்தில் போய்க்கொண்டிருந்தார். அப்பொழுது வேறொரு வகுப்பில் ஓட்டிய சிங்கப்பூர் வீரர்கள் இருவரின் படகு பலத்த காற்றில் கவிழ்ந்து அவர்கள் தத்தளிப்பதைக் கண்டார். போட்டியை விட்டுவிட்டு அவர்களிடத்தில் போய் இருவரையும் காப்பாற்றினார். பதக்கம் கைவிட்டுப் போயிற்று. அந்தப் பந்தயத்தில் அவருக்குரிய இரண்டாம் இடத்தை நடுவர்கள் பின்பு அவருக்கே கொடுத்தார்கள். பியர் தெ கூபர்த்தென் பதக்கத்தாலும் அவர் கனப்படுத்தப்பட்டார். இதை என் மகள் சொல்லக் கேட்டபோது, நல்ல சமாரியனைப் பற்றிய ஒரு செய்தி அந்தக் கடலில் பிரசங்கிக்கப்பட்டிருப்பதை அறிந்துகொண்டேன்.

அப்பொழுது கழகத்தின் பலகையில் முடிவுத்தாளை ஒட்டினார்கள். பார்க்கப் போனேன். இந்த விளையாட்டில் முதலில் வருகிறவருக்கு 1 புள்ளி, இரண்டாமவருக்கு 2. குறைந்த புள்ளி பெறுகிறவரே வெற்றி பெற்றவர். போட்டிக்கு வராத படகுக்கு, மொத்தப் படகுகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிப் போடுவார்கள். ஒன்பது படகுகள் என்றால் வராதவருக்கு 10.

அந்தத் தொடர் மூன்று வாரங்களாய் நடந்து வந்தது, சனிக்கிழமை இரண்டு போட்டி, ஞாயிற்றுக்கிழமை இரண்டு போட்டி. என் மகளின் பெயருக்கு நேரே முந்தின வாரங்களின் சனிக்கிழமைப் போட்டிகளில் 2, 3, 1, 2 என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளிலோ 10, 10, 10, 10. பட்டியலில் அவள் பெயர் எல்லாருக்கும் கீழே இருந்தது.

"ஞாயிறு ஏன் நீ ஓட்டவில்லை?" என்று கேட்டேன். கேட்ட மாத்திரத்தில் விடை எனக்கே தெரிந்தது. அவளோ, அதில் சொல்ல என்ன இருக்கிறது என்பதுபோல், "ஞாயிறு ஓய்வுநாள் பள்ளி இருக்கிறதே, அப்பா. என் வகுப்பில் பதினாலு பிள்ளைகள்" என்றாள்.

ஆறு ஆண்டுகளாய் அவள் எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை. ஒவ்வொரு ஞாயிறும் அவளை அங்கே காண்கிறேன். அங்கே வருவதற்கு அவள் எதை விட்டு வருகிறாள் என்று நான் அறிந்ததில்லை. அவளும் சொன்னதில்லை. "கர்த்தருடைய சமுகம் பெரிதா, படகு பெரிதா" என்று நான் கேட்ட கேள்விக்கு, அந்தத் தாள் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்காட்லாந்து வீரர் எரிக் லிடல், 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் அதில் ஓட மறுத்து, பின்பு 400 மீட்டரில் 47.6 விநாடியில் ஓடித் தங்கம் வென்றதை நம்மில் அநேகர் அறிவோம். அவர் பின்னாட்களில் சீன தேசத்தில் மிஷனெரியாய் உழைத்து, 1945-இல் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அந்தச் சரித்திரத்தை விடுமுறை வேதாகமப் பள்ளியில் பலமுறை சொன்னவன் நான். முன்வரிசையில் இரட்டைச் சடையோடு உட்கார்ந்து கேட்ட பிள்ளைகளில் என் மகளும் ஒருத்தி. லிடலுக்குப் பதக்கமும் புகழும் கிடைத்தன. என் மகளுக்குக் கிடைத்தது பட்டியலின் கடைசி இடம். கதையைச் சொன்ன நான் அதை மறந்துபோனேன். கேட்ட பிள்ளை மறக்கவில்லை.

பின்னணியத்தில் நித்திரையாயிருந்தவர்

அன்று மாலை ரயிலில் ஒரு வேதபகுதி என் நினைவில் வந்துகொண்டேயிருந்தது. கலிலேயாக் கடலில் சீஷர்கள் ஆண்டவரைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் பின்னணியத்திலே நித்திரையாயிருந்தார் என்று மாற்கு 4-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். காற்றையும் கடலையும் அவர் அதட்டினதையே நான் எப்போதும் பிரசங்கிப்பேன். அதற்கு முந்தின வசனத்தின்மேல் நின்று யோசித்ததில்லை. 1986-ஆம் ஆண்டு, வறட்சியினால் கலிலேயாக் கடல் வற்றினபோது, கர்த்தருடைய காலத்தைச் சேர்ந்த ஒரு பழைய படகு சேற்றிலிருந்து கிடைத்தது. அதன் நீளம் ஏறக்குறைய 8 மீட்டர். அகலம் 2 மீட்டருக்குச் சற்று அதிகம். அவ்வளவு சிறிய படகில் பின்னணியம் என்றால், சுக்கான் பிடிக்கிறவனின் காலடி. சர்வ வல்லவர் சுக்கானின் அருகிலேயே படுத்திருந்தார். ஆனாலும் சுக்கானைத் தம்மிடத்தில் கொடுக்கச் சொல்லவில்லை. கடலை உண்டாக்கினவர், கடல் தொழில் தெரிந்தவர்கள் ஓட்ட, அவர்களுடைய படகில் சும்மா இருந்தார். அவர்கள் கூப்பிட்டபோது எழுந்தார்.

தேவ பிள்ளைகளே, திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஒரு டிரங்குப் பெட்டியோடு இந்த நகரத்துக்கு வந்தவர்கள் நாம். பாஷை தெரியாத ஊரில் பிள்ளைகளைப் பயத்தோடே வளர்த்தோம். எந்தப் பள்ளி, எந்தப் படிப்பு, எந்த வேலை, எந்த வரன் என்று ஒவ்வொன்றிலும் சுக்கானை இறுகப் பிடித்தோம். அந்தப் பயத்தை நான் இகழவில்லை. அநேகக் குடும்பங்களை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகள் இந்த ஊர்த் தண்ணீரிலேயே பிறந்தவர்கள். இங்குள்ள காற்றும் நீரோட்டமும் நம்மைவிட அவர்களுக்கு அதிகமாய்த் தெரியும். நாம் விதைத்த வசனம் அவர்களுக்குள் முளைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், சுக்கான் அவர்கள் கையில் இருக்கும்போதுதான் பார்க்க முடியும். நம் கையில் இருக்கும்வரை அவர்கள் நமக்குக் கீழ்ப்படிவதை மாத்திரமே பார்ப்போம்.

நான் என் மகளை ஞாயிறுதோறும் சபையில் பார்த்தவன். அவளுடைய விசுவாசத்தை முதல் முறையாய்ப் பார்த்தது, ஒருவரும் பார்க்காத ஒரு மிதவையின் அருகில்தான்.

தாதர் வந்தபோது கூட்டம் குறைந்து இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. "அன்று இரவு நான் கேட்ட கேள்வி தவறு. இன்று தண்ணீரில் சொன்னதும் தவறு. அப்பாவை மன்னித்துவிடு" என்றேன். ஒரு போதகனுக்குச் சபையில் அறிக்கை செய்வதைவிடப் பிள்ளையினிடத்தில் அறிக்கை செய்வது கடினம். அவள் என் நெற்றியின் வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். "அடுத்த முறை சொன்னவுடனே தலையைக் குனியுங்கள்" என்றாள். இருவரும் சிரித்தோம். நான்கு மாதத்துக்குப்பின் நாங்கள் சேர்ந்து சிரித்தது அப்பொழுதுதான்.

சனிக்கிழமை ஜெபத்தைக் குறித்தும் பேசினோம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஜெபத்திற்கு வருவதாக அவளே சொன்னாள். மற்ற இரண்டு சனிக்கிழமையும் என்னிடத்தில் யாராவது அவளைப் பற்றிக் கேட்டால், "படகு ஓட்டப் போயிருக்கிறாள்" என்று நானே தலை நிமிர்ந்து சொல்லுகிறேன். வரன் பார்க்க வருகிறவர்களுக்கும் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள்

இந்த மாதத்தில் ஒரு நாளாவது உங்கள் மகனோ மகளோ விரும்பிப் போகிற இடத்திற்கு அவர்களோடு போய்ப் பாருங்கள். அது கிரிக்கெட் மைதானமாய் இருக்கலாம். கணினிக் கூடமாய் இருக்கலாம். அவர்கள் வேலை செய்கிற கடையாய் இருக்கலாம். அங்கே நீங்கள் தலைவராய் இராமல் உடன் இருப்பவராய் இருங்கள். புத்தி சொல்லவேண்டியது ஏதாவது இருந்தால், கண்ணால் கண்ட பின்பு சொல்லுங்கள். உங்களிடத்தில் தவறு கண்டால், பிள்ளை என்று பாராமல் மன்னிப்புக் கேளுங்கள். அதனால் உங்கள் கனம் குறையாது.

செபெதேயு என்னும் தகப்பனை நாம் அதிகமாய் நினைப்பதில்லை. ஆண்டவர் அழைத்தபோது யாக்கோபும் யோவானும் அவனைக் கூலியாட்களோடு படகில் விட்டுப் போனார்கள் என்று மாற்கு எழுதுகிறார் (மாற்கு 1:20). அவன் மறித்தான் என்று எழுதவில்லை. பிள்ளைகள் போகிற திசையைப் பார்த்துக்கொண்டு, கையில் வலையோடு அந்தத் தகப்பன் படகிலே இருந்திருப்பான். அவன் அவர்களைத் தடுக்காததினால் திருச்சபைக்கு இரண்டு அப்போஸ்தலர் கிடைத்தார்கள்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, நீர் எங்களுக்குத் தந்த பிள்ளைகளுக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். அவர்களைக் காணாமலே நியாயந்தீர்த்த எங்கள் அவசரத்தை மன்னியும். அவர்களோடு உட்காரத் தாழ்மையையும், கேட்கப் பொறுமையையும் எங்களுக்குத் தாரும். அவர்கள் படகில் நீர் இருக்கிறீர் என்ற நிச்சயத்தோடு அவர்களை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். இயேசுவின் நாமத்தில், ஆமென்.

கர்த்தர்தாமே உங்கள் குடும்பங்களை ஆசீர்வதித்துக் காப்பாராக.